நத்தைகள் கரையேறிய சுனை

அடிச்சுனை நிலையம், செவ்வாய்க் கிரகம்
வெள்ளிக்கிழமை, காலை

பதிவு செய்பவர்: ஒச்சம்மாள், சுனைக்காவல்.

நீரின் வெப்பம் சரி. உயிர்வளி சரி. ஊற்றின் வேகத்தில் மாற்றமில்லை. நத்தைகள் கூழாங்கற்களில் மேய்கின்றன. கூனி இறால்களில் பாதிக்கு மேல் வயிற்றடியில் முட்டை. தட்டைப்புழுக்கள் வெளிச்சம் பட்டதும் கல்லுக்கு அடியில் ஓடிப்போயின. அவற்றுக்கு என்னைக் கண்டாலே ஆகாது.

புதிதாகக் கேட்பவருக்கும் புரியும்படி பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. ஆகவே சொல்லிவிடுகிறேன். மேலே புதுக்கண்மாய்க் குடியிருப்பில் முந்நூறு பேர் இருக்கிறோம். எல்லோருக்கும் குடிநீர், பாறைக்கு அடியில் இருக்கும் இந்த ஒரே சுனையிலிருந்துதான். பார்க்கப் பளிங்கு மாதிரி இருக்கும். ஆனால் இந்த மண்ணுக்கே உரிய உப்பு ஒன்று அதில் கரைந்திருக்கிறது. அப்படியே குடித்துவந்தால் கழுத்துச் சுரப்பி கெட்டு, ஆள் கொஞ்சம் கொஞ்சமாக முடங்கிப்போவார். கற்களின் மேல் நாம் வளர்க்கும் நுண்ணுயிர்ப் படலம்தான் அந்த உப்பைத் தின்கிறது. படலம் தடித்தால் அடியில் அழுகி நாறும். தடிக்கவிடாமல் நாள் முழுக்க அதை மேய்ந்துகொண்டிருப்பவை நத்தையும், கூனியும், மணலால் தனக்குக் கூடு கட்டிக்கொள்ளும் புழுவும். நான் செய்வதெல்லாம் இவற்றுக்குத் தொந்தரவு வராமல் பார்த்துக்கொள்வது.

வருசநாட்டு மலைச் சுனைகளில் பொறுக்கி, ஈரப்பாசியில் பொதிந்து, மடியில் வைக்காத குறையாக இவற்றை இங்கே கொண்டுவந்தவள் நான். இவை போனால் மாற்று கிடையாது. அடுத்த கப்பல் வர ஒன்றரை வருடம் ஆகும். மேலே கையிருப்புத் தண்ணீர் ஒரு மாதம் தாங்கினால் பெரிய விஷயம்.

அதனால்தான் ஒரு நேரத்தில் ஒரு ஆள் மட்டுமே கீழே காவல். சோப்பு கூடாது, எண்ணெய் கூடாது, மஞ்சள் கூடாது. என் தலை தேங்காய் நாராகிவிட்டது. மேலே போனால் என் வீட்டுக்காரர் தங்கப்பாண்டிக்கு அடையாளம் தெரியுமா என்பதே சந்தேகம்.

மேலிருந்து செய்தி. பேசியது ராசாங்கம், என் கொழுந்தன், பம்பு அறைப் பொறுப்பாளன்:

"மதினி, சாப்ட்டீங்களா? ஆடிப் பதினெட்டுக்கு இங்க ஒரே அமர்க்களம். பிள்ளைக தண்ணிய மேல ஊத்திக்கிட்டுக் கும்மாளம் போடுதுக. ஒங்களுக்குன்னு எலுமிச்சஞ்சோறு எடுத்து வச்சிருக்கேன். கூண்டுல போட்டு எறக்கிவிடவா?"

இங்கே எந்த ஆறு பெருகியது என்று கேட்கக் கூடாது. பூமி நாட்காட்டியைப் பார்த்து வருடாவருடம் கொண்டாடிவிடுவார்கள். மஞ்சள் போட்ட சோறு கீழே வந்தால் உன்னையும் சேர்த்துத் திருப்பி அனுப்புவேன் என்றேன். சிரித்தான். ஏதோ சொல்ல வந்து விழுங்கியது போல இருந்தது. பாறைக் குழியில் ஏறி இறங்கும் கூண்டு மேலே போகும்போது என் காற்று உடையையும் அனுப்பிவிட்டேன். முழங்கையில் கசிவு இருக்கிறது, ஒட்ட வேண்டும்.

ஞாயிறு, காலை

நத்தைகள் தண்ணீரைவிட்டு ஏறியிருக்கின்றன.

முதலில் ஒன்றிரண்டு என்று நினைத்தேன். விளக்கை உயர்த்திப் பார்த்தால் சுனையின் சுவர் முழுக்க, நீர்மட்டத்துக்கு மேலே, வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிடித்துத் தண்ணீரில் விட்டேன். ஐந்து நிமிடம்கூட இருக்கவில்லை, திரும்பவும் ஏறிவிட்டன. நீரில் பிறந்த நத்தை தண்ணீருக்குப் பயந்து வெளியே வருகிறது என்றால் தண்ணீரில் ஏதோ இருக்கிறது.

வெப்பம், உயிர்வளி, உப்பு, காரம் எல்லாம் அளந்தேன். எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. என்னிடம் இருக்கும் கருவிகளுக்கு அதற்கு மேல் அளக்கத் தெரியாது.

ஞாயிறு, மாலை

கூனிகள் பக்கவாட்டில் விழுந்து காலை உதைக்கின்றன. ஒன்றைக் கையில் எடுத்தேன். முட்டையோடு இருந்தது. என் உள்ளங்கையிலேயே அடங்கிப்போனது.

ஏறத் தெம்பில்லாத நத்தைகள் அடியில் கிடக்கின்றன. ஓட்டின் வாயை இறுக மூடிக்கொண்டவை இருக்கின்றன, உடம்பு தொங்கிப்போனவையும் இருக்கின்றன. தட்டைப்புழுக்கள் மட்டும் இன்னும் நகர்கின்றன.

ராசாங்கத்தை அழைத்தேன். கையிருப்புத் தண்ணீருக்கு மாறச் சொன்னேன். பம்பிலோ குழாயிலோ எதையாவது மாற்றினீர்களா என்று கேட்டேன்.

"இல்லையே மதினி, கொழாய்ல யாரும் கையே வைக்கலியே. தண்ணி நல்லாத்தான இருக்கு? ஊர்த் தண்ணி ருசி வந்துருச்சுன்னு கெழவிக கூடச் சொல்லுதுக. நீங்க தனியாக் கெடந்து மனசப் போட்டு ஒழப்பிக்கிறீங்க."

மனதைப் போட்டு உழப்புகிறேனாம். உழப்பித்தான் ஆக வேண்டும், வேறு யார் இருக்கிறார்கள்?

திங்கள், காலை

படலம் உரிந்துவிட்டது. வெயிலில் தோலுரிந்த முதுகு போலக் கற்களிலிருந்து பாளம் பாளமாகக் கழன்று, சுனையின் வாயை அடைத்துக்கொண்டு, வெளிமடையில் இருக்கும் மின்சக்கரத்துக்குள் புகுந்திருக்கிறது. இந்த நிலையத்துக்கு மின்சாரம் கொடுப்பது அந்தச் சிறு சக்கரம்தான். காலையில் ஒரு பெரிய சத்தம் கேட்டது. பிறகு விளக்குகள் அணைந்தன.

இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வழுவழுப்பும் நாற்றமுமாக இரண்டு கையாலும் அள்ளி வெளியே போட்டேன். சக்கரத்தின் அச்சு முறிந்திருக்கிறது. அதைச் சரிசெய்ய இங்கே எதுவும் இல்லை.

நிலவரத்தை அப்படியே சொல்கிறேன். கூண்டு மேலே நின்றுவிட்டது. கூண்டுக் குழியில் காற்றாடி ஓடாததால் காற்று இல்லை. உடை இல்லாமல் இரட்டைக் கதவைத் தாண்டி வெளியே போனால் அதோடு கதை முடிந்தது. உடை மேலே இருக்கிறது. என் குரலை மேலே அனுப்பும் கருவிக்கு மின்சாரம் போய்விட்டது. மேலிருந்து வருவதைக் கேட்கும் பெட்டியும் இந்தப் பதிவுக் கருவியும் மட்டும் மின்கலத்தில் ஓடுகின்றன. அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கும். நான் பேசுவது அவர்களுக்குக் கேட்காது. அறைக்கான காற்று உருளைகள் ஒரு வாரம் வரும்.

பயமாக இருக்கிறது. எழுதிவைத்துப் படித்தது போல நிதானமாகப் பேசுகிறேனே என்று கேட்பவர் நினைக்க வேண்டாம். பதிவு என்றால் ஒழுங்காகப் பேச வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு, அவ்வளவுதான்.

திங்கள், மாலை

தெரிந்துவிட்டது.

கைவிளக்கின் மின்கலத்தை மிச்சம் பிடிக்க இருட்டில் உட்கார்ந்து, செத்த நத்தைகளைக் கையால் தடவிக்கொண்டிருந்தேன். எங்கோ பார்த்திருக்கிறேனே என்று மனம் குடைந்துகொண்டே இருந்தது. கம்பத்தில் எங்கள் அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம். கொடிக்குப் பூஞ்சை வந்தால் மயில்துத்தத்தைச் சுண்ணாம்போடு கலந்து அடிப்பார். மருந்து அடித்த மறுநாள் வாய்க்கால் நத்தைகள் எல்லாம் வரப்பேறி வந்து செத்துக் கிடக்கும். நீலப் பொடி. அது செம்பிலிருந்து வருவது.

செம்பு. மனிதனுக்கு ஒன்றும் செய்யாத அளவுகூட இவற்றுக்கு நஞ்சு. நத்தைக்கு முதலில், கூனிக்கு அடுத்து, புழுவுக்குக் கடைசியில். இங்கே நடந்ததும் அதே வரிசைதான். கற்களின் மேலிருந்த படலத்தையும் அதுதான் கொன்றிருக்கிறது. இந்தச் சுனை நீர் மென்னீர், செம்பு கிடைத்தால் கரைத்துக்கொள்ளும்.

ஆனால் எங்கிருந்து வந்தது? இந்தப் பாறையில் செம்பு இல்லை. குழாய் எல்லாம் பிளாஸ்டிக். தடவித் தடவி நிலையம் முழுக்கத் தேடினேன். ஒரு செம்புக் கம்பிகூட நீரைத் தொடவில்லை.

குடிக்கும் தண்ணீர்த் தொட்டி ஒன்று என் அறையில் இருக்கிறது. ஆடிப் பதினெட்டுக்கு முந்தைய நாள் நிரப்பியது. அந்த நீர் சுத்தம். பொரிப்புத் தட்டில் இருந்த குஞ்சு நத்தைகளையும், சுவரில் இன்னும் உயிரோடு ஒட்டிக்கொண்டிருந்தவற்றையும், முட்டை சுமந்த கூனிகள் கொஞ்சத்தையும், தட்டைப்புழுக்கள் நான்கையும் அதில் விட்டேன். மேட்டில் தனியாகக் கிடந்த கூழாங்கற்கள் சிலவற்றில் படலம் இன்னும் வழுவழுப்பாக இருந்தது. அவற்றையும் போட்டேன்.

இனி அந்தத் தண்ணீர் எனக்கு இல்லை. ஒரு செம்பு நீர் மட்டும் முதலில் மொண்டு குடித்துக்கொண்டேன். செம்பு என்று சொல்ல எனக்கே கூசுகிறது. பிளாஸ்டிக் குவளை.

புதன், காலை

மேலிருந்து ராசாங்கம். அப்படியே பதிவு செய்கிறேன்.

"மதினி, நீங்க பேசுறது இங்க ஒண்ணுமே வரல. நாங்க பேசுறதாவது ஒங்களுக்குக் கேக்குதோ என்னமோ. கேட்டா மனசத் தளர விட்றாதீங்க. ஒங்க உடைய ஒட்டிக்கிட்டு இருக்கோம், குழிக்குள்ள நொழையிற மாதிரி உடை அது ஒண்ணுதான், காஞ்சதும் நான் கயித்துல எறங்கி வாறேன். அப்புறம் மதினி, வையக் கூடாது. ஒங்கட்ட ஒண்ண மறச்சுப்புட்டோம். ஆடிக்கு ஒரு செம்புத் தகடு செஞ்சு, இங்க பெறந்த பிள்ளைக பேரெல்லாம் அதுல வெட்டி, போர்க்குழி வழியா சுனைத் தொண்டையில எறக்குனோம். தண்ணிக்குச் செம்பு நல்லதுதான? ஊர்ல புதுக்கெணறு வெட்டுனா போடுவோம்ல, அந்த மாதிரி. ஒரு தகடு பத்தல போல. அதான் தண்ணி கெட்டு நாறுது. இப்ப ஊரே கூடிப் பேசிட்டோம். வீட்டுக்கு வீடு செம்புக் கொடம் வச்சிருக்காய்ங்கள்ல, எல்லாத்தையும் தட்டித் தகடாக்கி எறக்கப் போறோம். நாளைக்குச் சாயந்தரம். தண்ணி தெளிஞ்சுரும் மதினி. நீங்க கவலப்படாதீங்க."

கத்தினேன். பெட்டியைப் பிடித்து உலுக்கினேன். வேண்டாம்டா, வேண்டாம்டா ராசாங்கம் என்று பாறையைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினேன்.

போர்க்குழி என்பது வெப்பமானி இறக்குவதற்காக மேலேயிருந்து போட்ட ஒரு சாண் அகலத் துளை. அது போய்ச் சேருவது சுனையின் தொண்டைக்கு, அதாவது ஊற்று புறப்படும் இடத்துக்கு. என் அறைக்கும் அதற்கும் நடுவில் வீடு உயரத்துக்குப் பாறை. அங்கே என்னால் போகவும் முடியாது, எட்டவும் முடியாது.

ஒரே ஒரு தகட்டுக்கு இத்தனை சாவு. அதை மேலேயிருந்து தூண்டில் போட்டு எடுத்துவிட்டால் சுனை தன்னைத் தானே கழுவிக்கொள்ளும். மூன்று வாரம் போதும். பிறகு தொட்டியில் இருப்பவற்றைக் கொண்டுபோய் விட்டால் பெருகிவிடும். கையிருப்புத் தண்ணீர் அதுவரை தாங்கும். கணக்குச் சரியாக இருக்கிறது. ஆனால் எழுபது வீட்டுச் செம்பும் உள்ளே போனால், எழுபது வீட்டுச் செம்பையும் யார் எடுப்பது? தொண்டைக்குள் ஒன்றன் மேல் ஒன்றாகச் செருகி நிற்கும். பல வருடத்துக்கு இங்கே ஒரு நத்தை வாழாது.

இவர்களை எப்படித் திட்டுவது? பூமியிலிருந்து கிளம்பும்போது சொந்தச் சாமான் என்று ஆளுக்கு ஒரு கைப்பை எடைதான் கொடுத்தார்கள். அதில் சட்டை துணியைக் குறைத்துக்கொண்டு குடத்தைத் தூக்கி வந்த சனம். அதை இன்று சுத்தியலால் அடித்து நசுக்குகிறார்கள், தண்ணீருக்காக, எனக்காகவும் கூட. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் மனதாரச் சபித்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

புதன், மாலை

குழாயைச் சுத்தியலால் அடித்தேன். மூன்று அடி, நிறுத்தம், மூன்று அடி, நிறுத்தம். அடிப்பது ஒரு ஆள் என்று யாராவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று கை மரத்துப்போகும் வரை அடித்தேன். பிறகு மேலே போகும் தண்ணீரின் வால்வைத் திறந்து மூடி, திறந்து மூடி, அதே கணக்கில் விட்டுவிட்டு அனுப்பினேன். கையிருப்புக்கு மாறியிருந்தாலும் பம்பு அறைக் கண்ணாடிக் குழாயில் அது தெரியும். ராசாங்கம் நாள் முழுக்க அதன் முன்னால்தான் உட்கார்ந்திருப்பான்.

பார்த்தான். பதில் வந்தது:

"மதினி, கொழாய்ல காத்துப் புகுந்துருச்சு போலருக்கு. தடதடங்குது. தண்ணி விட்டு விட்டு வருது. சனங்க ரொம்பப் பயந்துபோச்சு, ஊத்தே நின்னுரும்ங்கிறாய்ங்க. அதனால நாளைக்குன்னு வச்சிருந்தத இன்னைக்கே எறக்கிர்றோம்."

சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன். நான் சும்மா இருந்திருந்தால் ஒரு நாளாவது மிஞ்சியிருக்கும்.

பெட்டியில் கொஞ்ச நேரம் இரைச்சல். அப்புறம் என் வீட்டுக்காரர். அவர் பேசுவதே அபூர்வம், பெட்டியில் பேசுவது இதுதான் முதல் தடவை.

"ஒச்சு, நான்தான். நம்ம வீட்டுக் கொடத்தையும் குடுத்துட்டேன். ஒங்கம்மா சீராக் குடுத்தது. தட்டும்போது பக்கத்துலயே நின்னேன். நீ கோவிச்சுக்க மாட்டேன்னு தெரியும். சாப்புடு. ராசாங்கம் வந்துருவான்."

கோவிக்கவில்லை. கோவிக்கவில்லை ஐயா. அதைக் கீழே போடாதீர்கள், அது போதும்.

பாறையில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சத்தம் வருகிறது. தூரத்தில் யாரோ பாத்திரம் கழுவுகிற மாதிரி. ஒன்று உரசிக்கொண்டு இறங்கி, நின்று, பிறகு அடுத்தது. ஒவ்வொன்றையும் ஒரு வீட்டுக்காரர் தன் கையாலேயே விடுகிறார் போல. நடுவில் கொஞ்சம் கொஞ்சம் இடைவெளி இருக்கிறது. கும்பிட்டுவிட்டு விடுவார்கள்.

வியாழன்

சுனையில் எதுவும் உயிரோடு இல்லை. கைவிளக்கின் மின்கலம் மங்குவதால் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். தட்டைப்புழுக்கள் கூழாகிக் கிடக்கின்றன. மணல் கூடுகள் இருக்கின்றன, உள்ளே ஆள் இல்லை.

இனி இந்தத் தொட்டிதான் சுனை.

நம்பிக்கை முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். வடக்குச் சரிவில் பழைய ஆய்வுக் குழி ஒன்றில் நீர்க்கசிவு உண்டு. சிறியது. ஆனால் அது வேறு நீரோட்டம், இந்தத் தொண்டையோடு சேராது. அங்கே கல் பரப்பி இவற்றை விட்டால் முந்நூறு பேருக்கு அளந்தாவது ஊற்றலாம். அதற்கு இவை வேண்டும். இவை மட்டும் வேண்டும். இந்தத் தொட்டி பிழைத்தால் ஊர் பிழைக்கும், இல்லையென்றால் இல்லை.

குமிழி விடும் கருவிக்கு மின்சாரம் இல்லை. ஓடும் நீரில் வாழ்ந்தவை இவை, தேங்கிய நீரில் மூச்சு முட்டும். ஆகவே கையால் கலக்குகிறேன். தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து, கையை உள்ளே விட்டு, மாவு கரைப்பது போல மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறேன். ஓய்வெடுத்தால் கூனிகள் மேலே வந்துவிடுகின்றன. அப்போது மறுபடியும் சுற்றுகிறேன். தூங்கினால் இடையில் விழிப்பு வரும்படி தலையைத் தொட்டி விளிம்பில் வைத்துக்கொள்கிறேன்.

தாகம். சுனை நீரைத் துணியில் வடிகட்டிக் குடித்துப் பார்த்தேன். குடலே வெளியே வந்துவிடும் போல வாந்தி. உடம்பில் இருந்ததும் போனது.

பக்கத்தில் ஒரு தொட்டி நிறையத் தண்ணீர். கை அதற்குள்ளேயே இருக்கிறது. விரலை நக்கினால் என்ன என்று ஒரு எண்ணம். நக்கினேன். அதற்கு மேல் போகவில்லை.

வியாழன் கழிந்து, வெள்ளியாக இருக்கலாம்

முட்டை பொரித்துவிட்டது!

விளக்கை ஒரு நொடி போட்டேன். கூனிக் குஞ்சுகள். காற்புள்ளியை விடச் சின்னவை. தாயின் வயிற்றடியிலிருந்து கொட்டுகின்றன. ஒன்று என் நகத்தின் மேல் வந்து உட்கார்ந்து எதையோ கொறித்தது. என் நகத்தில் என்ன கண்டதோ.

அழுதேன். தொட்டிக்குள் கண்ணீர் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், உப்பு ஆகாது இவற்றுக்கு.

ராசாங்கம் பேசினான். "உடை காஞ்சிருச்சு மதினி. கெளம்பிட்டேன். கயிறு நீளம் பத்தாம முடி போட்டுப் போட்டு வர வேண்டியிருக்கு. எப்படியும் வந்து சேந்துருவேன்."

வா. மெதுவாக வா, விழுந்துவிடாதே.

அவன் வரும்போது நான் பேசும் நிலையில் இருப்பேனா தெரியவில்லை. கண் இருட்டிக்கொண்டு வருகிறது. ஆகவே இப்படி ஏற்பாடு செய்திருக்கிறேன். இந்தக் கருவி அடுத்து வரும் பதிவை நிறுத்தாமல் திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருக்கும். கதவைத் திறந்ததும் அவன் காதில் விழும். ராசாங்கம் சொன்ன பேச்சைக் கேட்பவன்.

பதிவு, திரும்பத் திரும்ப ஒலிக்க

ராசாங்கம். நான் மதினி பேசுகிறேன். நீ வந்தது நல்லது. முதலில் இதைக் கேள், அப்புறம் என்னைப் பார். சுனை செத்துவிட்டது. கொன்றது செம்பு. யார் மேலும் கோபம் இல்லை. நீங்கள் நல்லதை நினைத்துத்தான் செய்தீர்கள். இனிமேல் ஒரு துண்டு கூடப் போடாதீர்கள். என் கை இருக்கும் தொட்டியில்தான் மிச்சம் இருப்பவை எல்லாம் இருக்கின்றன. இவை இல்லாமல் பிள்ளைகளுக்குத் தண்ணீர் இல்லை. தொட்டியைக் கொட்டாதே. எதையும் ஊற்றாதே. கையால் கலக்கிக்கொண்டே இரு. அப்படியே மூடி மேலே கொண்டுபோய், வடக்குச் சரிவு ஆய்வுக் குழியில்

கை

கலக்கிக்கொண்டே இரு. தொட்டியைக் கொட்டாதே ராசாங்கம். ராசாங்கம், நான் மதினி பேசுகிறேன். நீ வந்தது நல்லது

பதிவு. பேசுபவர் பெயர் கொடுக்கப்படவில்லை

அலோ. இதுல எப்படிப் பேசுறதுன்னு தெரியல. செகப்பு வெளக்கு எரியுது, ஏறும்னு நெனைக்கிறேன். மதினி அளவுக்கு எனக்கு அழகாப் பேச வராது.

நான் ராசாங்கம். கீழ வந்து சேந்துட்டேன். மதினிக்கு மூச்சு இருக்கு. அண்ணங்கிட்ட உடையில இருக்குற பெட்டியில சொல்லியாச்சு, அவரு மேல நின்னு அழுதுக்கிட்டு இருக்காரு. நான் ரெண்டு கதவையும் ஒண்ணொண்ணாத் தொறந்து மூடி வரும்போது இருட்டுக்குள்ள இந்தக் கருவி மட்டும் மதினி கொரல்ல பேசிக்கிட்டே இருந்துச்சு. என் பேரச் சொல்லிச் சொல்லிக் கூப்புடுது. தாங்க முடியல. அப்பறமா மதினிய வச்சுக்கிட்டே உக்காந்து கேட்டுக்கலாம்னு அமத்திட்டேன்.

பாவம், ஒரு தொட்டிக்குள்ள கையப் போட்டுக்கிட்டு அது மேலயே சாஞ்சு கெடந்தாங்க. டார்ச்ச அடிச்சுப் பாத்தா தண்ணி பூராப் பூச்சி. நெளியுது. தாகத்துல வேற வழியில்லாம அதத்தான் குடிச்சிருக்காங்க. அதான் இப்படி ஆயிருச்சு. இன்னொரு வாய் குடிச்சிருந்தா ஆளே போயிருப்பாங்க. நல்ல நேரம், நான் வந்துட்டேன். மொதல் வேலையா அதக் கொட்டிட்டேன்.

தொட்டியத் தேச்சுக் கழுவியாச்சு. கல்லு கெடந்துச்சு, வழுவழுன்னு பாசி, அதையும் சோப்புப் போட்டு ஒரசிட்டேன். மேல இருந்து நம்ம செம்புத் தண்ணி, கையிருப்புத் தண்ணியில செம்புத் துண்டு போட்டு ஊறவச்சது, ஒரு கேன் கட்டிக் கொண்டாந்தேன், அத ஊத்தி நெறச்சு வச்சிருக்கேன். மதினி கண்ணு முழிச்சதும் மொதல்ல அதத்தான் குடுக்கணும்.